அடுப்படிக்குப் பின்னால் வெட்டிய மேடு

குவைத்தில் மழை பெய்தால் நான் வேலை செய்யும் வீட்டு மேடம் பிள்ளைகளை முற்றத்துக்குக் கூட்டிப்போய் நனையவிடுகிறார். போன கிழமையும் அப்படித்தான். "மத்தர், ஸேன்" என்றார் என்னிடம். மழை நல்லது என்று அர்த்தம். நான் வாசலுக்கு உள்ளேயே ஒதுங்கி நின்றேன். குளிர் என்று நினைத்துச் சால்வை கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். விளக்கிச் சொல்ல எனக்கு அந்தப் பாஷை போதாது.

எங்களுக்கும் மழை நல்லதுதான். இலங்கையில் றொசல்லப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மழை இல்லாவிட்டால் கொழுந்து இல்லை. கொழுந்து குறைந்தால் அரைப்பேர் போட்டுப் பாதிச் சம்பளம்தான். ஆனால் எங்கள் லயம், தோட்டம் கட்டிக்கொடுத்த வரிசை வீடு, சரிவுக்கு அடியில் இருக்கிறது. ஒரே காம்பராவில் அடுப்பும் படுக்கையும். மகள் செல்விக்குப் புகையில் இழுப்பு வரும். நான் அனுப்பிய காசில் வீட்டுக்காரர் பின்பக்க மண்மேட்டை வெட்டி அடுப்படி கட்டினார். லயத்தில் எல்லாரும் அப்படித்தான் இடம் எடுப்பது. வேறு இடம் ஏது? செல்விக்கு இழுப்பு நின்றது. வெட்டிய மேடு செங்குத்தாக நின்றது.

மேடம் சால்வை தந்த அன்றைக்கு ஊரிலேயும் மழை, நாள் கணக்கில் விடவில்லை. வேலைக்கு நடுவில் போன் எடுத்தேன். செல்வி மெதுவாகப் பேசினாள்.

"அம்மா, அடுப்படி செவரு வெடிச்சிருக்கு. என் வெரலு உள்ள போவுது."

வீட்டுக்காரரிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். பிள்ளைக்காம்பராவில் போய் இருங்கள் என்றேன். கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் கட்டடம் அது. மேட்டை விட்டுத் தள்ளி இருக்கிறது. அவர் சிரித்தார்.

"குவைத்துல இருந்துகிட்டே மலைய புடிச்சு நிறுத்துவியா? சாமான விட்டுட்டு எங்க போறது."

சாமான் எல்லாம் நான் சம்பாதித்து வாங்கியது. டீவி, அலமாரி. அதற்குத்தான் அவர் காவல்.

மறுபடி செல்வியிடம் பேசினேன். "அப்பா வராட்டி நீ போ. இப்பவே போ."

போன் அறுந்தது. பிறகு கிடைக்கவில்லை. தரையைத் துடைத்தேன். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தேன். வீடு சுத்தமாக இருக்கிறது என்று மேடம் மெச்சினார்.

சாயந்தரம் செல்வி எடுத்தாள். மழையோடு அவள் இறங்கி நடந்திருக்கிறாள். திட்டிக்கொண்டே அவரும் பின்னால் வந்திருக்கிறார். பிள்ளைக்காம்பரா வாசலை மிதிக்கும்போது சத்தம் கேட்டதாம். அடுப்படியும் காம்பராவும் மண்ணுக்குள். பக்கத்துக் காம்பராக்காரர்கள் காலையிலேயே வேலைக்குப் போய்விட்டதால் யாருக்கும் ஒன்றும் இல்லை. அவர் பேச வரவில்லை.

"லீவுல வந்தா எங்க வருவீங்கம்மா?" என்று செல்வி கேட்டாள்.

உள்ளே இருந்து மேடம் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். வாரேன் என்றேன். யாருக்குச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.