இறக்கை மேலே, விசிறி பின்னாலே

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு நான் ஒரு விமானம் ஓட்டினேன்.

அச்சுப் பிழை இல்லை. நான்தான். பஸ்ஸில் கண்டக்டரிடம் பாக்கிச் சில்லறை கேட்கக் கூச்சப்பட்டு அப்படியே இறங்கிவிடுவேன் என்று முன்பு எழுதியிருந்தேனே, அதே ஆள்தான்.

ரிமோட் விமானம். இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு இரண்டு முழம். பறந்தது. அதைவிடப் பெரிய விஷயம்... திரும்பி வந்தது.

ஆரியசாலையில் எங்கள் மொட்டை மாடிக்கு மேலேதான் விமானங்கள் தாழ்ந்து வரும். துணி உலர்த்தும்போதெல்லாம் அண்ணாந்து பார்ப்பேன். எத்தனை வருஷம்தான் பார்த்துக்கொண்டே இருப்பது? ஒருநாள் இவரிடம் சொல்லிவிட்டேன் — எனக்கு ஒன்று வேண்டும்.

"என்னது, ப்ளேனா?" இவர் பேப்பரை மடக்கினார். "ஒனக்கு அறுபத்தேழு வயசாச்சு. முட்டுக்குத் தைலம் வாங்குத நேரத்துல ப்ளேன் வாங்கணுமாக்கும்?"

"ம்."

"செரி. ஆனா ஒரு தடவ ஒடைஞ்சா அதோட நிறுத்திக்கிடணும். பொறவு இந்தப் பேச்சே எடுக்கப்பிடாது, கேட்டியா?"

ஒத்துக்கொண்டேன்.

உடனே ஆளுக்கு ஆள் தேர்ந்தெடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். சாலைக் கடைத்தெருவில் பொம்மை விமானம் மலிவாகக் கிடைக்கும் என்றார் இவர். கொச்சியிலிருந்து மகன் ஒரு படம் அனுப்பினான். "அம்மா, இது ஜெட். பாக்கவே கெத்தா இருக்கும்."

யோசித்துப் பார்த்தேன். என் சேலைகள் இவர் எடுத்தவை. மூக்குக் கண்ணாடி மகன் எடுத்தது. வீடு மாமனார் பார்த்தது. கல்யாணமாகி நாற்பத்தாறு வருஷத்தில் 'இது நான் தேர்ந்தெடுத்தது' என்று எதைக் காட்டுவேன்? இந்த விமானமாவது என்னுடைய தேர்வாக இருக்கட்டும். அது பறக்கவும் வேண்டும். பறக்காவிட்டால் இனி முருங்கைக்காய்கூட இவர்தான் பொறுக்குவார்.

விமானம் விற்கிற கடை ஒரு மாடியில் இருந்தது. கடைக்காரப் பெண் ஷைனிக்கு முப்பது வயதிருக்கும். எனக்குப் பேச வாய் வரவில்லை. பலசரக்குக் கடையில் செய்வது போலவே செய்தேன்... கேட்க வேண்டியதை எழுதிக் கொண்டுபோன சீட்டை நீட்டினேன்.

அவள் அதைச் சத்தமாகவே படித்தாள். "விழுந்தால் ஒட்ட முடியுமா? இறக்கை மட்டும் தனியாகக் கிடைக்குமா? ரிமோட், பாட்டரி, சார்ஜர் எல்லாம் ஒரே பெட்டியில் வருமா?" பிறகு என்னைப் பார்த்தாள். "இது ஆரு எழுதித் தந்தது அம்மே?"

"நான்தான்."

"கொள்ளாமல்லோ," என்று மெச்சினாள். "இங்க வர்ற சாருமார் எல்லாம் ஸ்பீடு எத்தரைன்னுதான் முதல்ல கேக்கும். விழுந்தா என்னன்னு ஆரும் கேக்கில்ல."

இதில் என்ன அதிசயம்? குக்கர் வாங்கும்போது நாம் கேஸ்கெட் கிடைக்குமா என்று கேட்பதில்லையா? சீக்கிரம் கெடுகிற பாகம் எது, அது நம் ஊரில் கிடைக்குமா... சமையல்கட்டில் பழகியவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

ஷைனி மூன்றை எடுத்து வைத்தாள். பொம்மை விமானம் முப்பது அடி தாண்டினால் ரிமோட்டுக்குக் கட்டுப்படாது. ஜெட் அழகுதான், ஆனால் வேகம் குறைந்தால் கல் மாதிரி விழுமாம். பழகின கைக்குத்தான் அது. மூன்றாவது வாத்து மாதிரி இருந்தது. இறக்கை உடம்புக்கு மேலே. அதனால் சாய்ந்தாலும் தானாக நிமிரப் பார்க்கும். விசிறி பின்னால். மூக்கு குத்தி விழுந்தாலும் விசிறிக்குச் சேதமில்லை. உடம்பு முழுக்க வளைகிற ஃபோம். கை தடுமாறினால் சமன் செய்ய ஒரு பட்டன். விலை? ஒரு நல்ல மிக்சியின் விலை.

வாத்தையே எடுத்தேன்.

ஷைனி இரண்டு விஷயம் சொன்னாள். விமான நிலையம் பக்கத்தில் இருப்பதால் நகரத்துக்குள் பறக்கவிடவே கூடாது. தூரத்தில் ஆளில்லாத வயல் பார்க்க வேண்டும். அடுத்து, இறக்கைக்கு அடியில் இரண்டு புள்ளி இருக்கிறது. அந்த இடத்தில் இரண்டு விரல் நுனியால் தாங்கினால் விமானம் சமமாக நிற்க வேண்டும். "வாலுக்குக் கனம் வந்தா போச்சு அம்மே."

வீட்டுக்கு வந்ததும் இவர் சொன்னார்: "புது வண்டி. பழவங்காடி போவாம எடுக்கப்பிடாது."

எங்கள் வீட்டு வழக்கம் அது. ஸ்கூட்டர் வந்தாலும், இவருடைய கடைக்கு மினி லாரி வந்தாலும் முதல் ஓட்டம் பிள்ளையார் முன்னால். மகனுடைய லேப்டாப்புக்கே தேங்காய் உடைத்தவர் இவர். விமானத்தை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனோம். தேங்காய் உடைத்தோம். பூசை செய்கிற போற்றி இலையில் சந்தனம் தந்தார். இவர் அதில் பாதியை வழித்து வாலில் அப்பினார். கூடவே ஒரு முழம் அரளி மாலையையும் வாலில் சுற்றிக் கட்டினார்.

"மொத ஓட்டம் முடியுத வரைக்கும் எடுக்கப்பிடாது."

வாலில்! பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். சொன்னேனா? அத்தனை பேர் முன்னால்... இல்லை.

ஞாயிறு அதிகாலை பஸ் பிடித்து நெய்யாற்றின்கரை தாண்டிப் போனோம். இவருடைய சித்தப்பா மகனின் வயல், அறுவடை முடிந்து கிடந்தது. வரப்பில் நாலு பெண்கள் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். இவர் விமானத்தை எறிய வேண்டும், நான் ரிமோட்.

எறிந்தார். மூக்கைத் தூக்கிக்கொண்டு விறுவிறு என்று ஏறியது... அப்படியே ஒரு நொடி நின்றது... விழுந்தது.

"ஒடைஞ்சுது," என்றார் இவர்.

முட்டுவலியை மறந்து ஓடினேன். மூக்கு கொஞ்சம் உள்ளே போயிருந்தது. "ஒடையல்ல. நசுங்கியிருக்கு."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒடைஞ்சா ரெண்டாயிருக்கணும். இது ஒண்ணாத்தான இருக்கு."

மாலையை அவிழ்த்து அவர் கையில் கொடுத்தேன். காய்ந்த சந்தனத்தைச் சுரண்ட ஆரம்பித்தேன்.

"ஏட்டி, அது பிள்ளையார் பிரசாதம்."

"பிரசாதம் நெத்திக்கு. இது வாலு."

சுரண்டியதை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு, நாலு துளி தண்ணீர் விட்டு நெற்றியில் இட்டுக்கொண்டார், பாவம்.

இரண்டு விரலில் தாங்கிப் பார்த்தேன். சமமாக நின்றது.

"எறியுங்க. நேரா. மேல மானத்தப் பாத்து எறியப்பிடாது." நாற்பத்தாறு வருஷத்தில் நான் இவருக்குப் போட்ட முதல் உத்தரவு.

போனது. போய்க்கொண்டே இருந்தது. தென்னைமரத்துக்கு மேலே ஏறி, என் பெருவிரல் சொன்ன பக்கம் திரும்பியது. புல்லறுத்த பெண்கள் அரிவாளோடு நிமிர்ந்து நின்றார்கள். ஒரு சங்கடம் மட்டும் இருக்கிறது: நம்மைப் பார்த்து வரும்போது இடது வலதாகிவிடும். ஒருமுறை குழம்பினேன். பட்டனை அழுத்தினேன், நிமிர்ந்துகொண்டது. மூன்று சுற்று. பிறகு விசையைக் குறைத்தேன்; அறுத்த நெல்தாளின் மேல் சறுக்கி, என் காலிலிருந்து பத்தடியில் வந்து நின்றது.

போய் எடுத்து, ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டினேன்.

ஒரு பெண் வரப்பிலிருந்து இறங்கி வந்து, எங்கே கிடைக்கும் என்று இவரிடம் கேட்டாள். "சாரே, இது எவிடே கிட்டும்? ஏது நல்லது?"

என்னிடம் கேட்கிற கேள்விக்குக்கூட இவர்தான் பதில் சொல்வார். வழக்கம். அன்றைக்கு மாலையைச் சுற்றிப் பிடித்தபடி என் பக்கம் கையைக் காட்டினார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது. செலக்ஷன் எல்லாம் அவளுக்கதாக்கும்."

நாலு பெண்களும் என்னைப் பார்த்தார்கள். இறக்கை ஏன் மேலே, விசிறி ஏன் பின்னால், எதைக் கேட்டு வாங்க வேண்டும், எதைப் பார்த்து மயங்கக் கூடாது... சொல்லிக்கொண்டே போனேன். எனக்குள் இவ்வளவு பேச்சு இருந்ததா?

"பஸ்ஸு போயிரும், வா," என்றார் இவர்.

போகட்டுமே. பையில் இன்னொரு பாட்டரி இருக்கிறது.