காய்ச்சல் இல்லாத அட்டை

மலாயாவில், பெக்கோக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிள்ளை பெற்ற பெண்கள் எல்லாருக்கும் தனலெட்சுமியைத் தெரியும். ஒரு காலத்தில் ரப்பர் பால் வெட்டினவள். புருஷன் மலேரியாவில் போனபின், பெரிய ஆஸ்பத்திரியில் ஆறு மாதம் பிரசவ வேலை பழகிவிட்டு வந்தாள். 1938-ல், அவள் தோட்டத்து மருத்துவச்சியாகி எட்டு வருஷம் ஆகியிருந்தது. நெற்றியில் விபூதி இட்டு, முருகனைக் கும்பிட்டு, மருந்துத் தண்ணீரில் முழங்கை வரை கழுவிய பிறகுதான் பிள்ளைத்தாய்ச்சியைத் தொடுவாள். பிரசவமாகிப் பத்து நாள் வரை காலை எட்டுக்கும் மாலை நாலுக்கும் கூலிகள் குடியிருக்கும் லயத்துக்கு வந்து காய்ச்சல் பார்த்து அட்டையில் எழுதுவாள். மணி தப்பவே தப்பாது. அதுவே வினையாகப் போயிற்று.

பேச்சியம்மாளுக்கு மூன்றாவது பிள்ளை பிறந்து அன்றைக்கு நாலாம் நாள். வாயில் வைத்த காய்ச்சல் குச்சி எப்போதும்போலத் தொண்ணூற்றெட்டுதான் காட்டியது. ஆனால் நாடி தறிகெட்டு ஓடியது. அடிவயிற்றைத் தொட்டால் துடித்தாள். துணியில் கெட்ட வாடை.

"குளிர் நடுக்கம் ஏதும் இருந்துச்சா ஆத்தா?"

"இல்லீங்க நர்சம்மா. நல்லாத்தான் இருக்கேன்." பேச்சி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

தனலெட்சுமி டிரஸர் அந்தோனிப்பிள்ளையிடம் ஓடினாள். யாழ்ப்பாணத்துக்காரர். டாக்டர் இல்லாத தோட்டத்து ஆஸ்பத்திரியில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"காய்ச்சல் இல்லையெண்டு நீர்தானே எழுதியிருக்கிறீர்? பிறகேன் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லி நிக்கிறீர்?"

"நாடி நூத்திருபது ஓடுதுங்க ஐயா. வாடையும் அடிக்குது."

"அட்டையிலை காய்ச்சலைக் காட்டும். அனுப்புறன்."

தன் கையெழுத்தே தன் வாயை அடைத்துவிட்டதே என்று மனம் கிடந்து பொருமியது. மறுநாள் காலையில் பொறுக்கமாட்டாமல் ஏழே முக்காலுக்கே லயத்துக்குப் போய்விட்டாள். பேச்சியின் நாத்தனார் கருப்பாயி, பானையிலிருந்து குளிர்ந்த தண்ணீரை மொண்டு நீட்டிக்கொண்டிருந்தாள்.

"வாயில அடக்கிக்க பேச்சி. நர்சம்மா வர்ற நேரமாச்சு. முழுங்கிராதே."

தனலெட்சுமிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. குச்சியை உதறி, பேச்சியின் அக்குளில் வைத்தாள். நூற்று மூன்று.

"ஏண்டி, யாரை ஏமாத்துறீங்க? என்னையா, எமனையா?"

"பின்ன என்ன செய்யச் சொல்றீங்க?" கருப்பாயியும் சீறினாள். "போன வருஷம் செல்வராணிக்குக் காய்ச்சல்னு லோரியில ஏத்துனீங்க. பொணமாத்தானே வந்தா?"

"அவளை ஆறாம் நாள்தானே அனுப்பினேன்! அஞ்சு நாளும் அவளுக்குக் காய்ச்சலே..." தனலெட்சுமி பாதியில் நின்றாள். "கருப்பாயி, அவளும் வாயில தண்ணி வச்சிருந்தாளா?"

கருப்பாயி குவளையைக் கீழே வைத்தாள். 

திட்ட வாயெடுத்த தனலெட்சுமிக்குத் திட்டும் வரவில்லை. குச்சி வைக்குமுன் 'தண்ணீர் குடித்தாயா' என்று தான் ஒரு நாளாவது கேட்டதுண்டா? முருகா, எட்டு வருஷத்தில் எத்தனை அட்டையோ!

பேச்சியின் அட்டையில் எழுதியிருந்த எண்களையெல்லாம் கோடு போட்டு அடித்துவிட்டு, நூற்று மூன்று என்று எழுதி டிரஸர் முன்னால் வைத்தாள்.

"அப்ப இவ்வளவு நாளும் எழுதினது பொய்யோ?"

"பொய்தாங்க. தொரைகிட்ட நானே சொல்லிக்கிறேன். இப்ப லோரியைக் கூப்பிடுங்க."

லோரியில் படுக்க வைத்தபோது பேச்சி அவள் கையை விடவில்லை. "என் புள்ளைங்களை யாரு பாக்குறது?"

"நான் பாக்குறேன். நீ உசிரோட வா."

பெரிய ஆஸ்பத்திரியில் புதிதாக வந்திருந்த சிவப்பு மாத்திரையைக் கொடுத்தார்கள். ஏழு வாரம் கழித்துப் பேச்சி எலும்பும் தோலுமாக வந்து இறங்கினாள். மார்பில் பால் வற்றிப்போயிருந்தது. டின் பாலில் வளர்ந்த பிள்ளை, பெற்றவளைக் கண்டு வீரிட்டு அழுதது.

"எப்படியோ, சாமி காப்பாத்திருச்சு நர்சம்மா," என்றாள் கருப்பாயி.

"சாமி காப்பாத்தத்தான் பாக்குது," என்றாள் தனலெட்சுமி. "நீங்க விட்டாத்தானே!"