நாய்க்குட்டியின் புரட்டாசி

எங்கள் வீட்டில் புரட்டாசி பிறந்தால் ஃபிரிட்ஜ் காலியாகிவிடும். முட்டைகூட இருக்காது. மீன் சட்டியும் கறி வெட்டும் கத்தியும் ஸ்டோர் ரூமுக்குள் போகும். பெருமாளுக்காக மாதம் முழுக்க சைவம். முடிவெடுப்பது என் மனைவி. என்னைக் கேட்பதில்லை. கல்யாணமான வருஷத்திலிருந்து இப்படித்தான். பழகிவிட்டது.

போன வருஷம் வீட்டில் புதிதாக ஒரு ஆள் இருந்தது. மகன் வாங்கி வந்த நாய்க்குட்டி. இரண்டு கைக்குள் அடங்கும். சிங்கப்பூரில் பையன்களுக்குக் கட்டாயமான ராணுவப் பயிற்சிக்கு, தேசிய சேவைக்குப் போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் வாங்கி வந்தான். முகாமுக்குப் போகிறவன் எதற்கு நாய் வாங்கினான் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்வான். அது நீளமாக இருக்கும்.

"நாய் உள்ள வந்தா நான் வெளிய போயிடுவேன்" என்றாள் மனைவி. நாய் உள்ளே வந்தது. அவள் எங்கும் போகவில்லை. மகன் முகாமுக்குப் போன வாரமே அது அவள் பாதத்தின்மேல் தலை வைத்து சீரியல் பார்க்க ஆரம்பித்தது.

மகன் சாயங்காலம் போன் செய்வான். முகாமில் கொஞ்ச நேரம்தான் போனைக் கையில் கொடுப்பார்களாம். "குட்டி சாப்பிட்டானா? குட்டி என்ன செய்றான்?" அதற்குள் நேரம் முடிந்துவிடும்.

"உங்கம்மா சாப்பிட்டாளான்னு கேளுடா" என்று ஒரு நாள் சொன்னேன்.

"அம்மா சாப்பிடாம இருப்பாங்களாப்பா?" என்றான்.

குட்டியின் சாப்பாடு காய்ந்த உருண்டைகள். ஒரு பெரிய பை நிறைய. பையின்மேல் கோழிப் படம். புரட்டாசி முதல் நாள் காலையில் மனைவி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, இதுல கோழியா இருக்கு?"

"படம் போட்டிருக்கே."

"அப்ப இதுவும் வெளிய."

"அது நாய்."

"இந்த வீட்டு நாய்தானே?"

பை வாசலில் இருக்கும் செருப்பு அலமாரிக்குள் போனது. குட்டிக்கு நெய் விட்டுப் பருப்பு சாதம். பிறகு ஒரு கிண்ணம் பால். பிசைந்து கையாலேயே ஊட்டினாள். குட்டி தட்டையும் நக்கியது, விரலையும் நக்கியது.

"பாருங்க. இத்தன நாளா நல்ல சாப்பாடு கிடைக்காமத்தான் அந்த உருண்டையத் தின்னுருக்கு."

எனக்கும் அதே பருப்பு சாதம்தான். நெய் குறைவு.

மறுநாள் குட்டிக்கு வயிறு இளகிவிட்டது. ஹாலில் விரித்த பழைய பேப்பர் போதவில்லை. எனக்குப் படிப்பு குறைவு. பேப்பரை மெதுவாகத்தான் படிப்பேன். அன்றைக்குப் படிக்காத பக்கமும் போய்விட்டது.

நான் லிட்டில் இந்தியாவில் ஒரு மளிகைக் கடையில் வேலை செய்கிறேன். பருப்பு, மசாலா, கொஞ்சம் நாட்டு மருந்து. பிள்ளைக்கு வயிறு சரியில்லை என்று வருகிறவர்களுக்கு ஓமம் நிறுத்துக் கொடுப்பேன். திரும்பி வந்து யாரும் குறை சொன்னதில்லை. அன்றைக்கு வீட்டுக்கும் கொஞ்சம் பொட்டலம் கட்டிக்கொண்டு போனேன். மனைவி அதைக் கொதிக்கவைத்து ஆற்றி, பாலாடையில் எடுத்துக் குட்டியின் வாயில் ஊற்றினாள். மகனுக்கு மருந்து கொடுத்த அதே பாலாடை. குட்டி தும்மியது. உள்ளே போனதைவிட அவள் சேலையில் விழுந்தது அதிகம்.

பிறகு கண் பட்டிருக்கும் என்றாள். லிஃப்டில் பார்க்கிறவர்கள் எல்லாம் அழகு அழகு என்கிறார்களாம். உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றினாள். குட்டி மிளகாயைக் கவ்வப் பார்த்தது. அதையும் நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் மகன் போன் வந்தது. "குட்டி என்ன செய்றான்மா?"

"விளையாடுது."

குட்டி பேப்பரின்மேல் சுருண்டு கிடந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் தண்ணீராகவே போனது. பால் வைத்தாள். அதையும் வாந்தி எடுத்தது. கூப்பிட்டால் தலையைத் தூக்கவில்லை. மனைவி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இதுக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா அவன்கிட்ட என்னங்க சொல்றது? அவன் அங்க தனியா கெடக்கான்."

முதலாளிக்குப் போன் செய்தேன். லீவு வேண்டும், வீட்டில் வயிறு சரியில்லை என்றேன்.

"யாருக்கு?"

"நாய்க்கு."

"போன மாசம் எனக்கே வயிறு சரியில்ல. நான் கடைக்கு வரல?"

"வந்தீங்க."

"நாளைக்குப் புரட்டாசி சனிக்கிழமை. கூட்டம் தெரியும்ல?"

"தெரியும்."

"போங்க. நீங்க நாயப் பாருங்க. நாங்க பருப்ப நிறுத்துக்கிறோம்."

தோ பாயோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கு இரண்டு புளோக் தள்ளி ஒரு மிருக டாக்டர் இருக்கிறார். இளம் வயதுச் சீனப் பெண். குட்டியின் ஈறைத் தொட்டுப் பார்த்தார். முதுகுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். ஊசியெல்லாம் போட்டாச்சா என்று கேட்டார். போட்ட அட்டையைக் காட்டினேன். நாய்க்குட்டிகளைக் கொல்லும் வைரஸ் ஒன்று உண்டாம். அதற்குச் சோதனை செய்து, அது இல்லை என்றார். மனைவி எனக்கு முன்னால் மூச்சு விட்டாள்.

"என்ன சாப்பிட்டது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"நத்திங் டாக்டர்" என்றாள் மனைவி. "ஒன்லி வெஜிடேரியன்."

"டாக் வெஜிடேரியன்?"

"ஹோல் ஹவுஸ் டாக்டர். திஸ் மந்த் ஒன்லி."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் குட்டியைப் பார்த்தேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னோம். பருப்பு, நெய், பால், ஓமம். மிளகாய் சுற்றியதை மனைவி சொல்லவில்லை. டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். பொறுமையாக விளக்கினார். சின்னக் குட்டியின் சாப்பாட்டைத் திடீரென்று மாற்றக் கூடாது. மாட்டுப் பாலும் நெய்யும் அதன் வயிற்றுக்கு ஆகாது. ஓமம் வேண்டாம். வாந்திக்கு ஊசி போட்டார். வயிற்றுக்கு ஒரு பசை மருந்து கொடுத்தார். தண்ணீர் அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக. நாளை மத்தியானத்துக்குள் சாப்பிட ஆரம்பிக்கவில்லை என்றாலோ, மறுபடி வாந்தி எடுத்தாலோ, ரத்தம் வந்தாலோ உடனே தூக்கி வரவேண்டும், டிரிப் ஏற்றவேண்டும் என்றார். இவ்வளவு சின்ன உடம்பு சீக்கிரம் வற்றிப்போகுமாம்.

"சாப்பாடு?" என்றேன்.

வெறும் தண்ணீரில் அவித்த கோழி. தோல் இல்லாமல், எலும்பு இல்லாமல். கூட வெள்ளைச் சோறு. உப்பு, எண்ணெய், பூண்டு எதுவும் கூடாது.

மனைவியின் முகம் போன போக்கைப் பார்த்து டாக்டர் அலமாரியிலிருந்து ஒரு டின்னை எடுத்தார். வயிறு சரியில்லாத நாய்களுக்கென்றே செய்ததாம். அதையும் கொடுக்கலாம்.

"இன்சைட் வாட், டாக்டர்?"

"போர்க்."

"சிக்கன் ஓக்கே டாக்டர்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் பிரச்சினை அடுப்பில் நின்றது.

"நான் அவிக்கிறேன்" என்றேன்.

"எங்க?"

"அடுப்புல."

"நாளைக்குச் சனிக்கிழமை. மாவிளக்குப் போடற வீட்டுல கோழியா?"

"கீழ சிக்கன் ரைஸ் கடை இருக்கு."

"டாக்டர் சொன்னது காதுல விழுந்துச்சா இல்லையா? அவன் உப்பு, பூண்டு எல்லாம் போடுவான்." டாக்டர் சொன்னதை என்னைவிட நன்றாகக் கேட்டிருக்கிறாள்.

பக்கத்து வீட்டில் ஒரு தமிழ் முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டுப் பெண் என் மனைவியை அக்கா என்பாள். முன்பெல்லாம் எங்கள் சமையலறை வரைக்கும் வருவாள். குட்டி வந்த பிறகு வாசல் கேட்டோடு சரி. அவர்கள் வழக்கத்தில் நாயின் எச்சில் படக் கூடாது. அதை அவளே முதல் நாளில் சொன்னாள். சொன்னதால் யாருக்கும் மனக்கசப்பு இல்லை. பேச்சு கேட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நடந்தது. குறையவில்லை.

மனைவி அவளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"நாய்க்கா கோழி?"

"நாய்க்குத்தான்."

"உங்களுக்குக் கோழி ஆகாது. எனக்கு நாய் ஆகாது. நடுவுல கோழி மட்டும் போய் வரணுமாக்கா?"

"வேற யாருகிட்ட கேட்பேன் சொல்லு."

"சரி லா. எங்க வீட்டுக் கோழி ஹலால்தான். உங்க புள்ள ஒண்ணும் சொல்லாதுல்ல?"

"அது இப்ப எதுவுமே சொல்லல" என்றாள் மனைவி. சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். பாதியில் நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி அதைக் கவனித்தாள். உடனே உள்ளே போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்து குரல் கொடுத்தாள். "அண்ணே, உப்பு ஒரு சிட்டிகையாச்சும்?"

"கூடாதாம்."

"இஞ்சி?"

"கூடாது."

"என் கையால இப்படி ஒரு கோழிய அவிச்சேன்னு வெளிய சொல்லிடாதீங்க."

டப்பாவைச் செருப்பு அலமாரியின்மேல் வைத்து, மணியை அழுத்திவிட்டுத் தன் கதவுக்குப் பின்னால் போய் நின்றாள். நான் எடுத்தேன். என் மனைவி சாமி படத்துப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோழி வீட்டுக்குள் வந்ததை அவள் பார்க்கவில்லை. பார்க்காவிட்டால் வரவில்லை என்று கணக்கு. குளியலறையில் வைத்து ஊட்டச் சொன்னாள். சமையலறைப் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

வெள்ளிக்கிழமை முழுக்கக் குட்டி தண்ணீர் மட்டும் குடித்தது. வாந்தி நின்றிருந்தது. மகன் கேட்டதற்கு "தூங்குது" என்றாள். அது பொய் இல்லை.

சனிக்கிழமை காலையில் பக்கத்து வீட்டுக்காரி புதிதாக அவித்து வைத்தாள். மனைவி தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலை முடிந்து, பட்டுப் புடவை கட்டி மாவிளக்கு ஏற்றினாள். நான் குளியலறையில் உட்கார்ந்து குட்டியின் வாய்க்கு நேராகக் கோழியை நீட்டிக்கொண்டிருந்தேன். அது முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பிய்த்து நீட்டினேன். சோற்றோடு நீட்டினேன். உதட்டில் தடவினேன். நக்கக்கூட இல்லை. எனக்கு ஊட்டத் தெரியாது. மகனுக்கும் நான் ஊட்டியதில்லை.

மத்தியானம் நெருங்கியது. துண்டை எடுத்துக் கூடையில் விரித்தேன்.

"எதுக்கு?" என்றாள் மனைவி வாசலில் நின்று.

"டாக்டர்கிட்ட. டிரிப் போட."

அவள் சாமி படத்தைத் திரும்பிப் பார்த்தாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. புடவையைத் தூக்கிச் செருகினாள். குளியலறை வாசற்படியில் உட்கார்ந்தாள். கோழியை எடுத்தாள். நார் நாராகப் பிய்த்தாள். சோற்றோடு சேர்த்துப் பருப்பு சாதம் மாதிரியே பிசைந்தாள். ஒரு விரல் நுனியில் எடுத்துக் குட்டியின் வாயருகே வைத்தாள்.

குட்டி அவள் விரலை முகர்ந்தது. பிறகு நக்கியது. பிறகு விழுங்கியது.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பேசாதீங்க" என்றாள்.

"நான் பேசலையே."

"நீங்க பேசாம இருக்கிறதே ஒரு பேச்சுத்தான்."

நான்கைந்து விரல் அளவு சாப்பிட்டது. போதும் என்று நிறுத்தினாள். டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்கச் சொல்லியிருந்தார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். திரும்பவும் தலைக்குக் குளித்தாள். சாமி படத்துக்கு முன்னால் நெடுநேரம் நின்றாள். என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. சாயங்காலம் அடுத்த டப்பா வந்தது. இந்த முறை அவளே போய் எடுத்து வந்தாள்.

திங்கட்கிழமை காலையில் நான் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, இங்க வாங்க. சீக்கிரம்."

ஓடினேன். பேப்பரின்மேல் இருந்தது. கெட்டியாக, உருட்டி வைத்தது மாதிரி. இருவரும் நின்று பார்த்தோம். பக்கத்து வீட்டுக்காரியும் கேட்டுக்கு வெளியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "மாஷா அல்லாஹ்" என்றாள். குட்டி எங்கள் மூன்று பேரையும் பார்த்து வாலை ஆட்டியது. எதற்கு இந்தக் கூட்டம் என்று அதற்குப் புரியவில்லை.

மனைவி போனை எடுத்து அதைப் படம் பிடித்தாள். சரியாக விழவில்லை என்று குனிந்து இன்னொன்று எடுத்தாள். மகனுக்கு அனுப்பினாள்.

சாயங்காலம் அவன் போன் செய்தான். "அம்மா, நீ அனுப்பின படத்த எங்க பங்க் ரூம்ல இருக்கிற எல்லாரும் பார்த்துட்டானுங்க. எதுக்கும்மா அதப் போய் அனுப்பின?"

"நல்லா இருக்குல்ல?" என்றாள்.

"என்னம்மா நல்லா இருக்கு?"

"எல்லாம்தான். நீ சாப்பிட்டியா?" என்று கேட்டாள். அவன் பதில் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிட்டது.