மகளின் விருப்பம்

தையல்காரியின் மகளுக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது. உள்ளங்கையில் விரலால் எழுதித்தான் பேச்செல்லாம். அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் அம்மாவும் டீச்சரும் மட்டுமே. மகளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. இனி அவள் எங்கே இருப்பது என்று முடிவுசெய்யும் கூட்டத்துக்கு, டீச்சர் லீவில் இருக்கும் நாளாகப் பார்த்துத்தான் தையல்காரி தேதி வாங்கியிருந்தாள்.

"அவங்களுக்கு என்ன ஆசைன்னு கேளுங்கம்மா," என்றார் அதிகாரி.

தையல்காரி அதை மகளின் கையில் எழுதிக் கேட்டாள். மகள் அம்மாவின் கையில் பதில் எழுதினாள்: விடுதியில தங்கி வேலைக்குப் போறேன். வீடு வேண்டாம்.

"என்கூடவே இருக்கணுமாம்," என்றாள் தையல்காரி.

அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்படியே படிவத்தில் எழுதினார். தையல்காரி மகளின் கையில், விடுதியில் இடமில்லையாம் என்று எழுதினாள். ஊசி பிடித்துப் பழகிய விரல்; ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

மகள் அந்தக் கையை இழுத்துப் பிடித்து எழுதினாள்: இன்னொரு தடவை கேளு.

"உங்களுக்கு நன்றி சொல்றா சார்," என்றாள் தையல்காரி.