புகையில் தொங்கிய துருத்தி

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் தோலின் சதை சீவும் வேலை பார்த்த பச்சையப்பனுக்கு எபிரெயம் என்று ஒரு பாஷை இருப்பதே தெரியாது. அவர் மகள் அமிர்தவள்ளிக்கும் இருபத்தைந்து வயதுவரை தெரியாது. 1882-ல் பிறந்தவள். காலையில் மிஷன் பள்ளிக்கூடம், மத்தியானத்துக்குமேல் ஷாப்பில் ஆவாரம்பட்டை இடிப்பது என்று வளர்ந்தாள். எந்தத் தோல் சுண்ணாம்பில் போதுமான அளவு ஊறியிருக்கிறது, எது வெளியே பதப்பட்டு உள்ளே பச்சையாக நிற்கிறது என்பதையெல்லாம் மோந்து பார்த்தே சொல்லிவிடுவாள். ‘மூக்குக்காரி’ என்று அங்கே அவளுக்குப் பேர்.

கட்டிக்கொடுத்தது ஈசாக்குக்கு. பக்கத்துக் கிராமத்தில் மிஷன் வாத்தியார். தங்கமான மனுஷன், பாட எழுந்தால் நான்கு தெருவுக்குக் கேட்கும் குரல். ஆனால் படித்தது எதுவும் தலையில் தங்காது. அந்தக் குரலுக்காகவே மிஷன்காரர்கள் அவரைப் போதகராக்க நினைத்து, 1907-ல் வாலாஜாபேட்டையில் இருந்த தங்கள் வேதசாஸ்திரப் பள்ளிக்கு அனுப்பினார்கள். பெண்டாட்டியும் கூடவே போனாள். மாணவர்களின் மனைவிமாருக்கென்று வாரத்தில் மூன்று நாள் அங்கே வகுப்பு உண்டு. தையல், சுகாதாரம், வேதக் கதைகள். அவ்வளவுதான்.

முதல் தவணைப் பரீட்சையில் ஈசாக்கு எபிரெயத்தில் நூற்றுக்கு ஒன்பது வாங்கினார். இன்னொரு தரம் தவறினால் ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவோம் என்று பிரின்சிபால் துரை எச்சரித்து அனுப்பினார். ஈசாக்கு வீட்டுக்கு வந்து பாயில் குப்புறப் படுத்துக்கொண்டார்.

“எல்லாம் தலகீழா இருக்குது அமிர்தம். வலப்பக்கத்துலேர்ந்து எழுதுறாங்க. எழுத்துக்குக் கீழ ஒரு புள்ளி, மேல ஒரு புள்ளி. புள்ளி மாறிப்போச்சுன்னா ராஜா குதிரையாயிட்றாரு.”

“குடுங்க அந்தப் பொஸ்தகத்த,” என்றாள் அமிர்தவள்ளி.

துரை தமிழில் எழுதிக் கல்லச்சில் போட்டுக் கொடுத்திருந்த இலக்கணக் குறிப்பு அது. அவள் நினைத்தது ஒன்றே ஒன்றுதான்: புருஷனைக் கேள்வி கேட்கவேண்டுமானால் பதில் தனக்குத் தெரிந்திருக்கவேண்டும். சமையலறைச் சுவரில் கரித்துண்டால் எழுத்துகளை எழுதினாள். குழம்பு கொதிக்கிற நேரத்தில் ஐந்து சொல், அரிசி களைகிற நேரத்தில் ஐந்து சொல். சாயங்காலம் அவர் வந்ததும், “இது இன்னா? அது இன்னா?” என்று கரண்டியால் சுவரைத் தட்டிக் கேட்பாள். ஈசாக்கு அடுத்த தவணையில் நாற்பத்திரண்டு வாங்கிப் பிழைத்துக்கொண்டார். ஆனால் அதற்குள் அவளுக்கு வேறொன்று நடந்துவிட்டது. அந்தப் பாஷை பிடித்துப்போயிற்று. ஒரு வேர்ச்சொல்லைப் பிடித்தால் அதிலிருந்து பத்துச் சொல் கிளைத்து வருவது அவளுக்குத் தித்திப்பாக இருந்தது. ஈசாக்குக்குத் தேவையில்லாத பாடங்களையும் படித்தாள். பள்ளியில் இரவல் கொடுத்த எபிரெய வேதத்தை இரண்டாம் வருஷத்தில் அவரைவிட அவளே அதிகம் புரட்டினாள்.

அந்த வருஷம் ஈசாக்கு வகுப்பில் ஒரு கட்டுரை வாசிக்கவேண்டியிருந்தது. வேதத்திலேயே மிக நீளமான சங்கீதத்தில் ஒரு வசனம். அதில் கஷ்டப்படுகிற ஒருவர், தான் புகையில் கிடக்கிற துருத்தியைப்போல ஆகிவிட்டதாகவும், ஆனாலும் கர்த்தரின் கட்டளைகளை மறக்கவில்லை என்றும் சொல்கிறார். துருத்தி என்றதும் ஈசாக்கு கொல்லன் பட்டறைத் துருத்தியைப்பற்றி நான்கு பக்கம் எழுதிவிட்டார். கொல்லன் ஊதுகிறான், நெருப்புப் பறக்கிறது, சுத்தியல் விழுகிறது. அவளிடம் வாசித்தும் காட்டினார்.

“இன்னாங்க இது?” என்றாள். “இதே எபிரெயச் சொல்லு நியாயாதிபதிகள் பொஸ்தகத்துல வருது. யாகேல் சிசெராவுக்குப் பால் குடுத்தது இதுலேர்ந்துதான். கொல்லன் துருத்தியிலயா பால ஊத்தி வெப்பாங்க? இது தண்ணி, பாலு, திராட்சரசம் புடிச்சு வெக்கிற தோல்பை.”

ஈசாக்கு நான்கு பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு அவள் சொன்னதை எழுதிக்கொண்டு போனார். வகுப்பில் பிரின்சிபால் துரை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இதை நீர் எங்கே படித்தீர்?”

“எங்கயும் படிக்கலிங்க. வூட்டுல சொன்னாங்க.”

“வீட்டில் யார்?”

“எம் பொண்டாட்டிங்க.”

வகுப்பு முழுக்கச் சிரித்தது. துரை சிரிக்கவில்லை. அன்று சாயங்காலமே மாணவர் குடியிருப்புக்கு நடந்து வந்தார். கைகூப்பி எழுந்த அமிர்தவள்ளிக்குப் பின்னால், சுவரெல்லாம் கரியெழுத்து. அவர் கரித்துண்டை எடுத்து ஒரு வரி எழுதி, வாசிக்கச் சொன்னார். தடங்கலில்லாமல் வாசித்து அர்த்தமும் சொன்னாள். பிறகு தயங்கினாள்.

“தப்பா நெனச்சுக்காதீங்க, ஐயா. மூணாவது சொல்லுல ஒரு புள்ளி விட்டுப்போச்சு.”

துரை சுவருக்கு அருகே குனிந்து பார்த்தார். காது சிவந்துவிட்டது. “ஆமாம். விட்டுப்போயிற்று,” என்று சொல்லித் தாமே அந்தப் புள்ளியை வைத்தார்.

அவளும் கடைசி வருஷப் பரீட்சை எழுதட்டும் என்று அவர் பள்ளியின் ஆலோசனைச் சங்கத்துக்கு எழுதினார். பெண்பிள்ளைக்கு எபிரெயம் எதற்கு என்று முதலில் மறுத்தார்கள். அவர் மறுபடியும் எழுதினார். மூன்றாவது கடிதத்துக்கு ஒரு நிபந்தனையோடு சம்மதம் வந்தது. ஆண்கள் எழுதுகிற பரீட்சை அவளுக்கு வேண்டாம். தானே ஒரு வசனத்தை எடுத்துக்கொண்டு மூன்று பரீட்சகர் முன்னால் நின்று வாதாடி நிலைநாட்டவேண்டும். துரை அதைச் சொல்லும்போது அவருக்கே சங்கடமாக இருந்தது.

“ஆம்பளைங்க எழுத மட்டுந்தானே செய்றாங்க?” என்று கேட்டாள்.

“ஆமாம் அம்மா.”

“அப்ப எனக்கு ரெண்டையும் குடுங்க, ஐயா. எழுதவும் எழுதறேன், நின்னும் சொல்றேன். அவங்க எழுதினத நான் எழுதலன்னு நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது.”

அவள் எடுத்துக்கொண்டது அதே துருத்தி வசனம். புகையில் காய்ந்த துருத்தி சுருங்கி ஒன்றுக்கும் உதவாமல் போகும், பாடியவர் தன் வீழ்ச்சியைத்தான் சொல்கிறார் என்று துரையின் குறிப்பும் மற்ற விளக்கங்களும் ஒரே குரலாகச் சொல்லின. அவள் மனம் அதை ஒப்பவில்லை. புகை தோலை அவ்வளவு லேசில் கெடுத்துவிடாது என்று அவள் கைக்குத் தெரியும். ஆனால் ‘எனக்குத் தெரியும்’ என்பது பரீட்சையில் செல்லாது.

ஐப்பசியில் ஆம்பூருக்குப் போய்த் தோல் மண்டி அப்துல் சமதைப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து அவளை அறிந்தவர்.

“பாய், ஒரே ஈத்து ஆட்டுக்குட்டித் தோலு ரெண்டு வேணும். வயிறு கீறாம முழுசா உரிச்சதா.”

“இன்னாம்மா, வேதம் படிக்கப் போனேன்னாங்க. அங்க ஷாப் வெக்கிறியா?”

“பரீட்சைக்கு பாய்.”

அப்துல் சமத் தாடியைத் தடவிக்கொண்டார். தோலை வைத்து எழுதுகிற பரீட்சையை அவர் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் குவியலைக் கிளறி ஒரே ஜோடியாகப் பொறுக்கித் தந்தார்.

இரண்டையும் ஒரே மாதிரி மயிர் நீக்கி, உப்பும் எண்ணெயும் தேய்த்து, பையாகக் கட்டினாள். ஒன்றை அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிட்டாள். மற்றதைப் பின்பக்கத் தாழ்வாரத்தில், மழை படாமல் காற்றில் தொங்கவிட்டாள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாசமும் வாரத்துக்கொரு முறை இரண்டையும் இறக்கிப் பார்த்து, கண்டதைத் தேதி போட்டு நோட்டில் எழுதினாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் நாற்றம் தாங்காமல் பேஜார் பண்ணினார்கள். “பரீட்சை முடியட்டும் அக்கா,” என்று ஈசாக்கு ஒவ்வொரு வாசலாகப் போய்ச் சமாதானம் சொல்லிவிட்டு வந்தார்.

1910 பிப்ரவரியில் எழுத்துப் பரீட்சை நடந்தது. பதினான்கு ஆண்களுக்கும் அவளுக்கும் ஒரே கேள்வித்தாள். இரண்டு நாள் கழித்து வாய்மொழிப் பரீட்சை. பிரின்சிபால் துரையும், சங்கத்தின் மூப்பர் ஒருவரும், சென்னையிலிருந்து வந்த கோதண்டபாணி போதகரும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். எபிரெயத்தில் கோதண்டபாணி போதகருக்கு நிகராக அந்தப் பக்கத்தில் யாரும் இல்லை என்று பேச்சு. அவர் முன்னால் நின்றால் படித்த போதகர்களுக்கே நாக்குழறும். அமிர்தவள்ளி ஒரு ஓலைக்கூடையோடு வந்து நின்றாள்.

மூப்பர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். “இதென்ன தோல் நாற்றம்? இது வேதம் படிக்கிற இடம், தெரியுமா?”

“தெரியுங்க, ஐயா. பேதுரு யோப்பாவுல போய் ரொம்ப நாள் தங்குனது தோல் பதனிடுற சீமோன் வூட்டுலதானுங்களே.”

துரை இருமினார். கோதண்டபாணி போதகர் முகத்தில் அசைவில்லை. “ஆரம்பிக்கலாம்,” என்றார்.

அவள் வசனத்தை எபிரெயத்தில் சொன்னாள். துருத்தி என்பது எந்தப் பை என்பதற்கு யாகேலையும், பழந்துருத்திகளோடு வந்து யோசுவாவை ஏமாற்றிய கிபியோன்காரரையும் சாட்சிக்கு அழைத்தாள். பிறகு புகைக்கு வந்தாள்.

“இங்க புகைக்கு வர்ற சொல்லும், ஆலயத்துல போட்ற தூபத்துக்கு வர்ற சொல்லும் ஒரே வேருங்க. கெட்ட புகைன்னு மட்டும் அதுக்கு அர்த்தம் கெடையாது. அப்புறம், வசனத்தோட மொதல்ல ‘கி’ன்னு ஒரு சொல்லு வருது. அதுக்கு ‘என்றாலும்’னும் அர்த்தம் உண்டு, ‘ஏனென்றால்’னும் உண்டு. எல்லாரும் ‘என்றாலும்’னே எடுத்துக்கிறாங்க. புகையில கெடந்தாலும் மறக்கலன்னு. ‘ஏனென்றால்’னு எடுத்தா, புகையில கெடந்ததாலதான் கெடாம நின்னேன், மறக்காம இருந்தேன்னு வருதுங்க.”

“தாவீது என்ன, தோல் ஷாப்பில் வேலை பார்த்தாரா, இதெல்லாம் தெரிவதற்கு?” என்று கேட்டார் கோதண்டபாணி போதகர்.

துரை கவலையோடு அவளைப் பார்த்தார்.

“தாவீது எழுதுனாருன்னு எபிரெயத்துல இல்லைங்களே, ஐயா. அந்தச் சங்கீதத்துக்குத் தலைப்பே கெடையாது. யார் எழுதுனாங்கன்னு நாம சொல்ல முடியாது. ஆனா ஆடு வளக்குற தேசத்துல பொறந்தவரு. தோலு எப்ப நிக்கும், எப்ப அழுகிப்போவும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கும்.”

போதகரின் புருவம் உயர்ந்தது. “முந்தின வசனத்தில் கண் பூத்துப்போகிறது. பிந்தின வசனத்தில் எத்தனை நாள் என்று அழுகை. நடுவில் மட்டும் எப்படி நம்பிக்கை வரும்?”

“அழுகைதாங்க. புகையில தொங்குறது சொகம்னு நான் சொல்லல. கறுக்கும், சுருங்கும், கண்ணுக்கு நல்லா இருக்காது. ஆனா கெட்டுப்போகாது. ரெண்டையும் சேத்துத்தான் அவர் சொல்றாரு. பாருங்க.”

கூடையிலிருந்து இரண்டு பைகளையும் எடுத்து மேசைமேல் வைத்தாள். தாழ்வாரத்தில் தொங்கிய பை பார்க்க வெளுப்பாக, அழகாக இருந்தது. அதில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினாள். பூஞ்சை பிடித்து வண்டு அரித்த ஓட்டைகள் வழியே தண்ணீர் மேசையெல்லாம் ஓடியது. மூப்பர் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அடுப்புக்கு மேலே தொங்கிய பை கரிக்கட்டையாகச் சுருங்கியிருந்தது. அதைத் தண்ணீரில் நனைத்துப் பிசைந்து விரித்து, மேசைமேல் இருந்த கூஜாத் தண்ணீரை முழுக்க அதில் சாய்த்தாள். வாயைக் கட்டி உயரத் தூக்கிப் பிடித்தாள். உள்ளிருந்து ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.

கோதண்டபாணி போதகர் எழுந்து வந்தார். பையைத் தடவிப் பார்த்தார். தம் சட்டையில் கரி ஒட்டியதைக் கவனிக்கவில்லை. அவளுடைய நோட்டை வாங்கி, தேதி தேதியாக எழுதியிருந்ததைப் பக்கம் விடாமல் படித்தார்.

“முப்பது வருஷமாக இந்த வசனத்தை நான் தப்பாகப் போதித்திருக்கிறேன்,” என்றார். “அம்மா, உட்காருங்கள்.” தம்முடைய நாற்காலியையே இழுத்துப் போட்டார்.

பதினைந்து பேரில் அவள்தான் முதல். தொண்ணூற்றொன்று. அடுத்தவருக்கு எழுபத்துமூன்று. ஈசாக்கு நாற்பத்தொன்று வாங்கித் தேறினார். பெயர்ப்பட்டியல் ஒட்டியதும் தம் பெயரைத் தேடக்கூட மறந்து, மற்றவர் மனைவிமார் எல்லோரையும் கூப்பிட்டு, “மேல பாருங்க, மொதல் பேரப் பாருங்க!” என்று அந்தப் பெரிய குரலில் கத்திக்கொண்டிருந்தார். அன்று முதல் பள்ளியில் அவரை ‘அமிர்தவள்ளி வீட்டுக்காரர்’ என்றே அழைத்தார்கள். அவர் அதைக் கேட்டு மீசையை முறுக்கிக்கொள்வார்.

சென்னைக்குப் போன கோதண்டபாணி போதகர் சும்மா இருக்கவில்லை. சில வருஷம் கழித்து அவர் அச்சிட்ட சங்கீத விரிவுரையில், அந்த வசனத்துக்குக் கீழே, ‘இந்தப் பொருளைக் கண்டு நிரூபித்தவர் ஆம்பூர் அமிர்தவள்ளி அம்மாள்’ என்று முழுப்பெயரும் போட்டிருந்தார். ஆம்பூர் ஷாப்பில் அந்தப் பக்கத்தை அப்துல் சமத் சாயபு உரக்க வாசிக்க, பச்சையப்பன் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு நின்று கேட்டார். மறுபடி வாசிக்கச் சொன்னார். மூன்றாவது தரம் வாசிக்கையில் தொட்டிகளில் இறங்கியிருந்தவர்களெல்லாம் மேலேறி வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

ஈசாக்கு வாலாஜாபேட்டையிலேயே போதகரானார். பள்ளியில் அமிர்தவள்ளியை முதலில், பின்தங்கிய மாணவர்களுக்குத் துணைப்பாடம் எடுக்கச் சொன்னார்கள். 1919-ல் எபிரெய வகுப்பையே அவளிடம் ஒப்படைத்தார்கள். போதகர்களாக ஊர் ஊராகப் போனவர்கள் சந்தேகம் எழுந்தால் அவளுக்குக் கடிதம் போட்டார்கள். அரக்கோணத்திலிருந்து ஒருவர் ஒரே சொல்லுக்காக ரயிலேறி வந்து, பதிலைக் கேட்டுக்கொண்டு அடுத்த ரயிலில் திரும்பிப் போனதும் உண்டு.

1931-ல் பெண்களுக்கும் முழு வேதசாஸ்திர வகுப்பு வேண்டும் என்று அவள் எழுதியபோது, சங்கத்தில் ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. ஆறு பேர் சேர்ந்தார்கள். இரண்டு நர்சுகள், மூன்று வாத்தியாரம்மாக்கள், பேரணாம்பட்டிலிருந்து வந்த விதவை ஒருத்தி. முதல் நாள், நாற்பத்தொன்பது வயது அமிர்தவள்ளி அம்மாள் வகுப்புக்குள் நுழைந்ததும் ஆறு பேரும் எழுந்து நின்றார்கள்.

“ஒக்காருங்க, ஒக்காருங்க. நிக்கிறதுக்கெல்லாம் நேரமில்ல. நெறைய இருக்குது,” என்றாள். கரும்பலகையின் வலது ஓரத்துக்குப் போய், முதல் எழுத்தைப் பெரிதாக எழுதினாள்.