அக்கா வீட்டுப் புல் வெட்டப் போன எங்கள் அண்ணா

அண்ணா யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் பிறந்தார். ஐயா இறந்தபோது தன் படிப்பை நிறுத்திவிட்டு என்னைப் படிக்க வைத்தார். மெல்பேர்னுக்கு வந்து ரயில் பணிமனையில் வேலை செய்தார். இவை எல்லா நினைவு மலரிலும் வரும். வராததை நான் எழுதுகிறேன். அத்தான் இதைப் போடவேண்டாம் என்றார். அக்கா போடச் சொன்னார்.

அக்காவும் அத்தானும் மெல்பேர்னுக்கு வெளியே த பேசின் என்ற ஊரில், மலையடிவாரத்தில் வீடு வாங்கியபோது குளிர்மையான இடம் என்று எல்லோரும் மகிழ்ந்தோம். அண்ணா காய்ந்த புல் மண்டிய பின்பக்கச் சரிவைப் பார்த்தார். "அக்கா, விறகுக்குள்ள குடியிருக்கிறியள்" என்றார். பிறகு அந்த ஊர்த் தீயணைப்புத் தொண்டர்களோடு சேர்ந்துகொண்டார். காட்டுத்தீ வரும் கோடை தொடங்கமுன் எங்கள் வீடுகளுக்கெல்லாம் போய், கூரை ஓரத்து மழைநீர்ப் பீலியில் கிடக்கும் சருகை அள்ளுவார். சுவரோடு அடுக்கிய விறகைத் தள்ளி வைப்பார். "பீலி இன்ஸ்பெக்டர் வாறார்" என்று சிரித்தோம். நானும் சிரித்தேன்.

போன வருடம் கார்த்திகை விளக்கீட்டன்று, இங்கே கோடைத் தொடக்கம், அனல் காற்று. வெளியே தீ மூட்டக்கூடாது என்று காலையிலேயே வானொலியில் சொல்லிவிட்டார்கள். அத்தான் பின்வளவில் தடிகளை நட்டு, எண்ணெய்ப் பந்தங்களைக் கொளுத்தினார். அண்ணா வாளித் தண்ணீரை ஊற்றி அணைத்தார்.

"என்ன மச்சான், சுவாமிக்கும் வெள்ளைக்காரனிட்டப் பெர்மிட் எடுக்கவேணுமோ?"

"சுவாமிக்கு வேண்டாம் அத்தான். இந்தக் காத்துக்கு வேணும். உள்ளுக்க விளக்கு வையுங்கோ."

"சமயம் தெரியாதவன் என்ர வளவுக்க நிக்கவேண்டாம்."

பதினைந்து பேர் நின்றோம். அண்ணா வாளியை வைத்துவிட்டுப் போனார்; நாங்கள் உள்ளே சாப்பிடப் போனோம்.

அடுத்த ஞாயிறு அந்தச் சரிவுப் புல்லை எல்லோருமாக வெட்டுவோம் என்று அண்ணா முன்பே கேட்டிருந்தார். நாங்களும் ஓம் என்றிருந்தோம். அன்று அத்தான் எங்களை ஏற்றிக்கொண்டு நகரத்துக்கு விருந்துக்குப் போனார். நானும் அந்தக் காரில் இருந்தேன். அண்ணா தனியாக வந்து, வெயிலில் பாதிச் சரிவை வெட்டி, அங்கேயே விழுந்தார். மாரடைப்பு என்று எழுதித் தந்தார்கள். சரி. ஆனால் பக்கத்தில் ஒருவர் நின்றிருந்தால்?

விழுந்தவரைக் கண்டு ஓடிவந்து, அம்புலன்ஸ் வரும்வரை கையைப் பிடித்திருந்த பக்கத்து வீட்டுத் தம்பதிக்கு நன்றி. செத்த வீட்டுக்குப் பிறகு நாங்கள் கேளாமலே வந்து மீதிச் சரிவை வெட்டிய தொண்டர்களுக்கு நன்றி. அவர்களில் ஒருவரையும் எங்களுக்குத் தெரியாது. சமைத்துத் தந்த உறவினருக்கும் நன்றி, அதை மறுக்கவில்லை.

இந்த மலரைத் திவசத்துக்கு முன்பே தபாலில் அனுப்புவதற்குக் காரணம் உண்டு. வருகிற ஞாயிறு அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. புல் மறுபடியும் முழங்காலளவு நிற்கிறது. காலை ஏழு மணிக்கே வாருங்கள். வேட்டி சேலை வேண்டாம். காலுக்குச் சப்பாத்துப் போட்டு வாருங்கள். அத்தான், நீங்களும்தான். சரிவு முழுவதும் வெட்டி முடிந்த பிறகுதான் சோறு போடுவேன்.

தங்கை