வாய் திறந்தால் புள்ளி

இன்று குறிகட்டுவானில் நெடுந்தீவுப் படகில் ஏறினால், பக்கத்தில் ஏ.எல். வகுப்பில் எங்களுக்குக் கணிதம் படிப்பித்த ரியூசன் சேர்.

“அவுஸ்திரேலியாவில படிப்பு எப்பிடிப் பிள்ளை?”

“முதல் தவணை வகுப்பில வாயே திறக்கேல்லை சேர். புள்ளி குறைச்சுப்போட்டினம். இப்ப விரிவுரையாளர் பிழை விட்டால் எழும்பிச் சொல்லுறனான். அதுக்குப் புள்ளி தருகினம்.”

சேர் சிரித்தார். “எங்க, என்ர பிழை ஒண்டு சொல்லும் பாப்பம்.”

சொல்லிவிட்டேன். அவர் தந்த நிகழ்தகவு நோட்ஸில் மூன்றாவது கணக்கின் விடை. ஏ.எல். படிக்கும்போதே தெரியும், சொல்லத்தான் பயம்.

அவர் பேனையை எடுத்து உள்ளங்கையில் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார். நெடுந்தீவில் இறங்கும்போது சொன்னார்: “ஓம், பிழைதான். இருபது வருசமா ஒரு பிள்ளையும் சொல்லேல்லையே.”

எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை.

அந்த ரியூசன் வகுப்பில் நாற்பது பேர் இருந்தோம். எத்தனை பேருக்கு அப்போதே தெரியும்? கீழே எழுதுங்கள், புள்ளி நான் தருகிறேன்.